கேம்ப் ரோட்டுக்கு ஒரு மலைச் சைக்கிள்

எங்கள் வீட்டில் யாருக்கும் பாஸ்போர்ட் இல்லை. ஆகவே நான் பயணக் கட்டுரை எழுதினால் அது தாம்பரத்தைப் பற்றித்தான் இருக்க முடியும். கல்யாணமாகிப் பதினாறு வருடமாகப் பீர்க்கன்கரணையில் குடியிருப்பவள் தாம்பரம் போய்வந்ததைப் பயணம் என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால் இத்தனை வருடமும் நான் தாம்பரத்தைப் பார்த்தது என் வீட்டுக்காரர் ஜெயராஜின் வலது தோளுக்கு மேலாகத்தான். ஸ்கூட்டரின் பின்சீட்டிலிருந்து எந்த ஊரும் பாதிதான் தெரியும். மீதிப் பாதியில் ஒரு ஹெல்மெட் இருக்கும்.

எனக்குக் கிழக்குத் தாம்பரம் கேம்ப் ரோட்டில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. காலை ஆறரைக்கு நான் போய்த் திறக்க வேண்டும். சர்க்கரை பார்க்க வருகிறவர்கள் முந்தின ராத்திரியிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் வாசலில் நிற்பார்கள். பசித்தவனைக் காக்க வைத்தால் என்ன பேச்சு வாங்குவோம் என்று சொல்ல வேண்டியதில்லை. எங்கள் தெருவிலிருந்து நடந்து, பஸ் பிடித்து, இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்துப் போனால் ஏழரை ஆகிவிடும். அதனால் ஜெயராஜ் என்னை லேபில் இறக்கிவிட்டு, வீட்டுக்குத் திரும்பிக் குளித்துச் சாப்பிட்டு, பிறகு மறைமலை நகரில் தன் கம்பெனிக்குப் போவார். மதியம் நான் திரும்புவதற்கு பாபு என்று அவருக்குத் தெரிந்த ஒரு ஷேர் ஆட்டோக்காரர். வாசலில் என்னை இறக்கியதும் "அண்ணிய எறக்கியாச்சு" என்று அவருக்குப் போன் போடுவார். கூரியர்காரர்கள்கூட கையெழுத்து வாங்கிக்கொண்டு அத்தோடு விட்டுவிடுகிறார்கள்.

மழைக்கால நடுவில் ஜெயராஜுக்கு லைன் லீடர் பதவி வந்தது. கார் பாகங்கள் செய்கிற அந்தக் கம்பெனியில் பல வருடமாக அவர் எதிர்பார்த்தது. ஒரே ஒரு நிபந்தனை, இனி முதல் ஷிஃப்ட். காலை ஆறு மணிக்கு லைனில் நிற்க வேண்டும், கம்பெனி பஸ் ஐந்து மணிக்கே வந்துவிடும். அடுத்த வாரம் சனிக்கிழமைக்குள் பதில் சொல்லச் சொன்னார்கள்.

"வேணாம்னு சொல்லிடறேன். இல்லன்னா நீ வேலைய விட்டுடு. ரெண்டுல ஒண்ணுதான் ரோசி," என்றார்.

இரண்டுமே முடியாது என்றேன். அவர் பதவியை அவர் விட்டால் அந்தக் கணக்கு காலம் முழுக்க என் தலையில் இருக்கும். என் வேலையை நான் விட்டால் அவர் தலையில் இருக்கும். நானே தனியாகப் போய்க்கொள்கிறேன் என்றேன்.

"எதுல போவ?"

ஸ்கூட்டர் என்று சொல்ல முடியாது. ஒருமுறை கற்றுக்கொடுத்தார். ஒரு கேட்டையும் ஒரு காய்கறித் தள்ளுவண்டியையும் இடித்தேன். அதோடு அந்தப் பாடம் முடிந்தது. ஆனால் திண்டிவனத்தில் பள்ளிக்கூடம் முடிக்கும்வரை சைக்கிள் ஓட்டியிருக்கிறேன். "சைக்கிள்ல," என்று வாயில் வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. அதில்தான் எனக்குக் கோபம் வந்தது. சிரித்திருந்தால் விளையாட்டாகப் போயிருக்கும்.

திங்கட்கிழமை லேபுக்கு நிவேதா வந்தாள். தைராய்டு பார்க்க அடிக்கடி வருகிற பெண், சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை. எனக்கு மனிதர்களைப் பார்த்தால் முதலில் முழங்கை மடிப்புதான் கண்ணில் படும். நிவேதாவுக்கு நல்ல நரம்பு, ஒரே குத்தில் கிடைத்துவிடும். அவள் கேட்டில் பூட்டிவைக்கிற தடித்த டயர் சைக்கிளை இத்தனை நாளும் பார்த்திருக்கிறேன், கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டேன்.

"நிவேதா, ஒரு ரவுண்டு போய்ட்டு வரட்டுமா?"

எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்விக்கு யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். புது வண்டி எடுத்தால் தெருவே ஒரு ரவுண்டு போகும், அது எழுதாத சட்டம். ஆனால் நாற்பத்தொரு வயதில், சுடிதாரும் லேப் கோட்டுமாக ஒரு பெண் கேட்டு அவள் பார்த்திருக்க மாட்டாள். சீட்டை இறக்கிக் கொடுத்தாள்.

நாலு வீடு தாண்டியதும் பிரேக்கை ஒரு விரலால் தொட்டேன். சைக்கிள் நின்றுவிட்டது, நான் நிற்கவில்லை. கைப்பிடிமேல் கவிழ்ந்து எப்படியோ கால் ஊன்றிவிட்டேன்.

"அக்கா, அது டிஸ்க் பிரேக். பின் பிரேக்க முதல்ல பிடிங்க, முன் பிரேக்க சும்மா தொட்டா போதும்," என்று ஓடிவந்தாள். இந்த ஊருக்கு எதற்கு மலைச் சைக்கிள் என்று கேட்டேன். "மலை வேணாம்கா, நம்ம ரோடே போதும். பள்ளத்துக்கு நடுவுல நடுவுல கொஞ்சம் ரோடு இருக்கு, அவ்ளோதான்." ஞாயிற்றுக்கிழமைகளில் நெடுங்குன்றம் பக்கம் புதர்க்காட்டு மண்பாதையில் ஓட்டுவாளாம். "வாங்குனா வாங்க, கூட்டிட்டுப் போறேன். வாங்கும்போது ஒண்ணு மட்டும் பாருங்க. சீட்ட விட்டு முன்னாடி எறங்கி ரெண்டு காலையும் தரையில வச்சு நில்லுங்க. நடுக்கம்பி இடிச்சா அது உங்க சைக்கிள் இல்ல."

செவ்வாய்க்கிழமை மதியம் பாபுவின் ஆட்டோவை வேண்டாம் என்று அனுப்பிவிட்டு மேற்குத் தாம்பரத்துக்கு நடந்தேன். அங்கே டேவிட் அண்ணன் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். எங்கள் சபையைச் சேர்ந்தவர். தெரிந்தவர் கடை இருக்கும்போது வேறு கடைக்குப் போவது எங்கள் வீட்டில் பாவக் கணக்கில் சேரும். தெரிந்தவர் கடையில் விலை குறையும் என்பார்கள். குறைந்து நான் பார்த்ததில்லை. அங்கே வேண்டாம் என்று சொல்ல முடியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ரயில் நிலையத்தின் நடைமேம்பாலத்தில் ஏறி இறங்க வேண்டும். இந்த ஊரில் இவ்வளவு பேர் இருக்கிறார்கள் என்பது மேலே ஏறியதும்தான் தெரிந்தது. வெள்ளரிப்பிஞ்சு விற்கிறவர், போன் கவர் விற்கிறவர், பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வண்டியைத் தவறவிட்ட குடும்பம். எந்தப் படியில் இறங்குவது என்று தெரியாமல் ஒரு தடவை பிளாட்பாரத்தில் இறங்கி மறுபடி ஏறினேன். அதற்குள் ஜெயராஜ் போன் செய்தார். "பாபு சொன்னான், நீ ஏறலையாமே." டேவிட் அண்ணன் கடைக்குப் போகிறேன் என்றதும் நிம்மதியாக வைத்துவிட்டார்.

இறங்கிய இடத்தில் ஒரு பஜ்ஜிக் கடை. ஸ்கூட்டரில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் மூக்கில் ஏறுகிற வாசனை, கடையை ஒருநாளும் பார்த்ததில்லை. இரண்டு வாழைக்காய் பஜ்ஜியும் டீயும் வாங்கி நின்றுகொண்டே சாப்பிட்டேன். தனியாகக் கடையில் நின்று சாப்பிடுகிற பெண்ணை ஆண்கள் ஒரு நொடி கூடுதலாகப் பார்க்கிறார்கள். பிறகு தங்கள் பஜ்ஜிக்குத் திரும்பிவிடுகிறார்கள். இதற்கா இத்தனை வருடம் யோசித்தேன் என்றிருந்தது.

டேவிட் அண்ணன் முதலில் கூடை வைத்த லேடீஸ் சைக்கிளைக் காட்டினார். கியர் சைக்கிள் வேண்டும் என்றதும் உள்ளேயிருந்து சிவப்பும் பச்சையுமாக ஒன்றை உருட்டி வந்தார். முன்னால் ஸ்பிரிங், பின்னால் ஸ்பிரிங், உடம்பு முழுக்க மின்னல் ஸ்டிக்கர். ஏறி உட்கார்ந்தால் இரண்டு கால் விரலும் காற்றில் தொங்கின.

"கொஞ்சம் ஒசரமாதான் எடுக்கணும் சிஸ்டர். வூட்ல எல்லாரும் ஓட்டலாம் பாருங்க. பிரதர் ஓட்டுவாரு, பையன் ஓட்டுவான்," என்றார்.

எங்களுக்குப் பையன் இல்லை. பெண் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அதைச் சொல்வதற்குள் கேரியர், ஸ்டாண்டு, மட்கார்டு, துப்பட்டா மாட்டாமலிருக்க வலை என்று எல்லாவற்றையும் எடுத்துவைத்து ஸ்பேனரையும் கையில் எடுத்துவிட்டார். மலை ஏற வேண்டிய சைக்கிள் பத்து நிமிடத்தில் பால்காரர் வண்டியாகிவிடும் போலிருந்தது. எங்கள் வீடுகளில் எந்தப் பொருளும் ஒருவருக்கென்று வாங்கப்படுவதில்லை. எல்லோருக்கும் பொருந்தட்டும் என்று வாங்குவோம், யாருக்கும் பொருந்தாது.

இறங்கி நின்றேன். நடுக்கம்பி நன்றாகவே இடித்தது. ஆனால் டேவிட் அண்ணன் கண்ணை மூடி ஜெபம் செய்யவே ஆயத்தமாகிவிட்டார். ஜெபம் முடிந்த வண்டியைத் திருப்பிக் கொடுக்க முடியாது. "அண்ணா, அவரை ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்," என்றேன். உடனே விட்டுவிட்டார். வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும் என்கிற பெண்ணை இந்த உலகத்தில் யாரும் தடுப்பதில்லை. யாரிடமிருந்து தனியாகப் போக சைக்கிள் தேடினேனோ அவர் பேரைச் சொல்லித்தான் அன்றைக்குத் தப்பித்தேன்.

வியாழக்கிழமை மேடவாக்கத்தில் பெரிய சைக்கிள் கடை ஒன்றுக்குப் பஸ்ஸில் போனேன். காலையிலிருந்து மழை. பாதி வழியில் குழாய்க்காகத் தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் நிரம்பி, பஸ்ஸை வேறு தெருவுக்குள் திருப்பினார்கள். அந்தத் தெருவில் ஒரு தண்ணீர் லாரி எதிரே வந்து நின்றது. டிரைவர்கள் இருவரும் இன்ஜினை அணைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தார்கள்.

முன்சீட்டில் இரண்டு டைல்ஸ் வேலைக்காரர்கள் ஹிந்தியில் பேசிக்கொண்டிருந்தார்கள். லேபுக்கு வருகிற கட்டடத் தொழிலாளர்களால் எனக்குக் கொஞ்சம் புரியும். "இங்கே எது ரோடு, எது ஏரி?" என்று ஒருவர் கேட்டார். "பஸ் மிதந்தால் ஏரி," என்றார் மற்றவர். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் திரும்பிப் பார்த்து, தன் ஊர்ப் பேச்சு எனக்குப் புரிந்ததில் வெட்கப்பட்டுக்கொண்டார். நான் இறங்கி மீதித் தூரத்தை முழங்கால் தண்ணீரில் நடந்தேன். திண்டிவனத்தில் மழை பெய்தால் மழை நிற்கும் வரை ஒதுங்கி நிற்போம். இங்கே யாரும் எதற்கும் நிற்பதில்லை.

பெரிய கடையில் ஏசி. சொட்டச் சொட்ட நின்ற என்னை ஒரு இளைஞர் 'மேம்' என்று கூப்பிட்டுத் துண்டு கொடுத்தார். எங்கே ஓட்டப் போகிறேன் என்று விசாரித்தார். கேம்ப் ரோடு என்றேன். "அப்புறம், ஞாயித்துக்கெழமை மட்டும் காடு," என்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது. பின்னால் ஸ்பிரிங் இருந்தால் மிதிக்கிற பலத்தில் பாதியை அதுவே தின்றுவிடும், உங்களுக்கு முன்னால் மட்டும் போதும் என்றார். டயரில் மொட்டு மொட்டாக இருப்பது சேற்றுக்கு நல்லது, தார் ரோட்டில் முனகும், கொஞ்சம் கால் வலிக்கும் என்றார். சேற்றில் பிடிக்கிற டயர் ரோட்டில் இழுக்கும், ரோட்டில் ஓடுகிற டயர் சேற்றில் வழுக்கும், இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது, அதை எடுங்கள் என்றார். விற்கிறவர் வாயிலிருந்து குறைகளும் வந்ததால் எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

ஆனால் சின்ன ஃபிரேம் கைவசம் இல்லை. வர மூன்று வாரம் ஆகும். நடுத்தர அளவு ஒன்று இருந்தது. கம்பி இலேசாகத்தான் இடித்தது.

"அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் மேம். பழகிடும்."

சின்ன நரம்புக்குப் பெரிய ஊசி போட்டால் பழகிவிடும் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. வேண்டாம் என்றேன். தெரியாத கடை என்பதால் வேண்டாம் என்பது எவ்வளவு சுலபமாக வந்தது. ஆனால் வெளியே வந்ததும் விரல் விட்டு நாளை எண்ணினேன். சனிக்கிழமை பதிலுக்கு மிச்சமிருந்தது ஒரு வாரமும் கொஞ்சமும்தான்.

நிவேதாவிடம் புலம்பினேன். அவள் வேலை செய்யும் இடத்தில் ஒருவர் புனேவுக்கு மாற்றலாகிப் போகிறாராம், மனைவியின் சைக்கிள் சும்மா நிற்கிறதாம். சனிக்கிழமை மதியம் வண்டலூரில் மாறி, கேளம்பாக்கம் சாலை வழியாகச் சிறுசேரிக்குப் போனேன். அந்தச் சாலையில் புதிது புதிதாக அடுக்குமாடிகள், நடுவில் திடீரென்று மாடு மேய்கிற வயல், மறுபடி அடுக்குமாடி. பக்கத்திலிருந்த அம்மாள் எனக்கு ஒரு கொய்யாப்பழம் கொடுத்து, அந்த உரிமையில் சிறுசேரி வரும்வரை என் சம்பளம், என் பெண்ணின் படிப்பு எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

பெட்டிகள் கட்டிவைத்த வீட்டில் அந்த மனைவி சைக்கிளை உருட்டி வந்தாள். சாம்பல் நிறம், முன்னால் மட்டும் ஸ்பிரிங், டிஸ்க் பிரேக், ஓரத்தில் ஒரு கீறல். இறங்கி நின்று பார்த்தேன். கம்பிக்கும் எனக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. என்னை அளந்து செய்த பொருள் ஒன்றின்மேல் நின்ற ஞாபகம் எனக்குக் கல்யாண ஜாக்கெட்டுக்குப் பிறகு இல்லை.

"ஏன் ஓட்டலை?" என்று கேட்டேன்.

"ரெண்டு தடவை ஓட்டினேன். இவர் முன்னாடி போய்ப் போய் நின்னு, நான் வரேனான்னு திரும்பிப் பார்ப்பார். வெறுத்துப்போச்சு," என்றாள். கணவர் பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டு சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

பஸ்ஸில் சைக்கிளை ஏற்ற மாட்டோம் என்றுவிட்டார்கள். அவ்வளவு தூரம் ஓட்டிவர என் காலுக்குத் தெம்பில்லை. காலித் தண்ணீர் கேன்களோடு தாம்பரம் திரும்பிக்கொண்டிருந்த ஒரு லோடு ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினேன். டிரைவர் கேன்களுக்கு மேலே சைக்கிளைக் கயிற்றால் கட்டினார்.

"இன்னாக்கா, யாருக்கு இது? பையனுக்கா?"

"எனக்குத்தான்."

கண்ணாடியில் சைக்கிளை ஒரு பார்வை பார்த்தார். "எங்கூட்டு அம்மா ஒரு தபா கேட்டுச்சு. சைக்கிளு வாங்கிக் குடுன்னு. நான்தான் பேஜாருன்னு வுட்டுட்டேன்," என்றார். பிறகு, "நல்லா ஓடுதான்னு பாத்து சொல்லுக்கா," என்று தன் நம்பரைக் கொடுத்தார். வழியில் கடலை வறுக்கிற இடத்தில் நிறுத்தி இருவருக்கும் சூடாக வாங்கினார். காசு கொடுக்கப் போனால் முறைத்தார்.

வீட்டு வாசலில் ஜெயராஜ் சைக்கிளைச் சுற்றி வந்தார். டயரைக் கட்டைவிரலால் அமுக்கினார். "கேரியர் எங்க? ஸ்டாண்டு எங்க? எப்டி நிக்கும்?" என்றார். சுவரில் சாய்த்தால் நிற்கும் என்றேன். ஒரு ரவுண்டு போனார், முழங்கால் கைப்பிடியில் இடித்தது. அதற்குள் தெருவே கூடிவிட்டது. ஆளாளுக்கு ஒரு ரவுண்டு. ஒவ்வொருவரும் சீட்டை ஏற்றினார்கள், கியரைக் கடகடவென்று மாற்றினார்கள், "கொஞ்சம் சின்னதா கீதே" என்று தீர்ப்பும் சொன்னார்கள். எல்லோரும் போனபின் சீட்டை என் உயரத்துக்கு இறக்கி, அந்த இடத்தில் லேபிலிருந்து கொண்டுவந்த வெள்ளைப் பிளாஸ்டரைச் சுற்றினேன். இனி யார் ஏற்றினாலும் எனக்கு இடம் தெரியும்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நிவேதாவோடு நெடுங்குன்றம். ஜெயராஜும் ஸ்கூட்டரில் வந்தார். மண்பாதை தொடங்குகிற இடத்து டீக்கடையில் என் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பாதை முழுக்கச் சரளைக்கல்லும் முள்ளும், மழைநீர் அறுத்த ஓடைகளும். முதல் ஏற்றத்தில் பாதியிலேயே நின்று சாய்ந்தேன். "ஏத்தம் வர்றதுக்கு முன்னாடியே கியர எறக்கிடணும்கா," என்றாள் நிவேதா. இறக்கத்தில் ஒரு பெரிய கல்லையே பார்த்துக்கொண்டு போய் நேராக அதன்மேலேயே ஏற்றினேன். "எறக்கத்துல சீட்டுல உக்காராதீங்க, பெடல் மேல நில்லுங்க. கண்ணு கல்லு மேல வேணாம், கல்லைத் தாண்டி வைங்க. எங்க பாக்கறீங்களோ அங்கதான் வண்டி போகும்." நாலாவது தடவை கல்லைத் தாண்டினேன். அந்தப் புதரில் யாருமில்லாத இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். உடம்பெல்லாம் வலித்தது, அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

திங்கட்கிழமை காலை, விடிந்தும் விடியாத நேரத்தில் கிளம்பினேன். பையில் சோறு, லேப் கோட்டு, சாவி. தெருமுனை தாண்டியதும் எனக்கு முன்னால் ரோட்டில் வெளிச்சம் விழுந்தது. திரும்பிப் பார்த்தேன். ஜெயராஜ் ஸ்கூட்டரில், மெதுவாக, காலைத் தரையில் தேய்த்துக்கொண்டு.

"துணைக்கு வரேன். நீ பாட்டுக்குப் போ."

ஜி.எஸ்.டி. சாலையில் லாரிகள் உரசிக்கொண்டு போகும்போது அந்த வெளிச்சம் எனக்குத் தைரியமாகத்தான் இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது. ஆனால் லேபுக்குப் போய் இறங்கியபோது, பின்சீட்டில் வந்ததுபோலவேதான் இருந்தது. கால் வலி மட்டும் கூடுதல்.

செவ்வாயும் வந்தார். புதன்கிழமை இரும்புலியூரில் டீக்கடையில் நின்ற இரண்டு பேர் நடுரோட்டுக்கு வந்து அவர் ஸ்கூட்டரை மறித்தார்கள்.

"இன்னா சார், மூணு நாளா பாக்கறோம், லேடீஸ் பின்னாடியே வந்துகினு கீற. வயசு இன்னா ஆவுது உனுக்கு?"

"எம் பொண்டாட்டிங்க," என்றார் ஜெயராஜ்.

"எல்லாரும் இத்ததான் சொல்றான். சாவியக் குடு."

நான் திரும்பிவந்து, "என் வீட்டுக்காரர்தான் அண்ணா, விடுங்க," என்றேன். இருவரும் அவரை மேலும் கீழும் பார்த்தார்கள். "அப்டின்னா பின்னாடி ஒக்கார வச்சுகினு போ சார். இல்ல அத்த தனியா வுடு. இது இன்னா ரெண்டுங்கெட்டான் வேல?" என்று ஒருவர் சாவியைத் திருப்பிக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் அவர் சாப்பிடவில்லை. நான் அந்த டீக்கடை ஆட்கள் சொன்னதைத்தான் வேறு விதமாகச் சொன்னேன். நீங்கள் பின்னால் வந்தால் நான் தனியாகப் போனதாக எப்படி ஆகும், நீங்கள் எதை நம்பி ஷிஃப்டுக்குச் சரி சொல்வீர்கள் என்று கேட்டேன்.

"உன்ன சோதிக்கல ரோசி. எனுக்குத்தான் பயம். அந்த லாரிக்காரனுங்கள தெனம் பாக்கறேன்ல," என்றார்.

"எனக்கும் பயம்தான்," என்றேன். வியாழக்கிழமை கொஞ்சம் தள்ளி வந்தார். அவ்வளவுதான் மாற்றம்.

வெள்ளிக்கிழமை ஜி.எஸ்.டி. சாலைக்குத் திரும்புகிற இடத்தில் நான் திரும்பவில்லை. யோசித்து வைத்திருந்தேன் என்று சொன்னால் பொய். எதிரே ஏரிக்கரை ஏறுகிற மண்சரிவு தெரிந்தது, கை கியரை இறக்கிவிட்டது. அந்தக் கரையில் போனால் பெருஞ்சாலையில் பாதித் தூரம் மிச்சம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் குழாய் வேலைக்காகக் கரையை வெட்டிப் போட்டதிலிருந்து ஆட்கள் நடந்து போவதோடு சரி. சரிவில் சேறு. பெடல்மேல் எழுந்து மிதித்தேன். டயர் ஒருமுறை சுற்றி வழுக்கி, பிறகு பிடித்துக்கொண்டது. மேலே வந்துவிட்டேன்.

பின்னால் ஸ்கூட்டர் உறுமியது. மறுபடி உறுமியது. பிறகு, "ரோசி, அங்க போவாத, பள்ளம் கீது," என்ற சத்தம். நான் நிற்கவில்லை. பள்ளம் இருந்தது. குறுக்கே ஒரு பலகை போட்டிருந்தார்கள், ஒரு ஆள் நடக்கிற அகலம். இறங்கி சைக்கிளைப் பலகையில் விட்டு நான் பின்னால் ஒட்டி நடந்தேன். கீழே தேங்கிய தண்ணீர் கறுப்பாக இருந்தது. அந்தப் பக்கம் போய் ஏறி மிதித்தபோது ஸ்கூட்டர் சத்தம் கேட்கவில்லை.

பதினாறு வருடமாக எனக்கு முன்னாலோ பின்னாலோ இருந்த சத்தம் அது. அது இல்லாத காலையில் தவளைகள் கத்துவது கேட்டது. ஏரியில் ஒருவர் கழுத்தளவு தண்ணீரில் நின்று வலையை உதறிக்கொண்டிருந்தார். எனக்குப் பயமாக இருந்தது. திரும்பிப் பார்க்க வேண்டும் என்றும் இருந்தது. பார்த்தால் அங்கேதான் போவேன் என்பதால் பார்க்கவில்லை. கொஞ்ச தூரத்தில் எருமைச் சாணியும் சேறும் கலந்த இடத்தில் சறுக்கி விழுந்தேன். முழங்கை சிராய்த்தது. எழுந்திரு என்று சொல்ல யாருமில்லை, எழுந்தேன். சங்கிலி கழன்றிருந்தது, மாட்டினேன். கரையிலிருந்து இறங்கி, இரும்புலியூரில் லாரிகளுக்கு ஓரமாகக் கையைக் காட்டிக் கடந்து, கிழக்குத் தாம்பரத்துக்குள் நுழைந்தேன்.

லேப் வாசலில் பசித்த கூட்டம் நின்றது. முழங்கால்வரை சேற்றோடு வந்த என்னைப் பார்த்து யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவர்களுக்கு டீ குடிக்கிற அவசரம். கை காலைக் கழுவி, சிராய்ப்பில் மருந்து வைத்து, கோட்டை மாட்டிக்கொண்டு ஆரம்பித்தேன். மூன்றாவது ஆளுக்குப் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"எங்க இருக்க ரோசி?" ஜெயராஜுக்கு மூச்சு வாங்கியது. பின்னால் லாரிச் சத்தம். "கரை முடியற எடத்துல நின்னுகினு இருக்கேன். சுத்தி வர்றதுக்குள்ள ஒரு லாரி குறுக்க மாட்டிகிச்சு. நீ இன்னும் வரல."

"நான் லேப்ல இருக்கேன். மூணு பேருக்கு ரத்தம் எடுத்தாச்சு."

ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு கடந்து போனது கேட்டது.

"வுழுந்தியா?"

"ஒரு தடவை. முழங்கை கொஞ்சம் சிராய்ச்சிருக்கு, அவ்வளவுதான்."

நாலாவது ஆள் சட்டைக் கையை மடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நான் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு ஊசியைப் பிரித்தேன்.

"சரி. இன்னிக்கே போய் ஷிஃப்டுக்கு ஒத்துக்கறேன்னு சொல்லிடறேன்," என்றார் ஜெயராஜ். கொஞ்சம் நிறுத்தி, "அப்பறம் தெனம் நான் உனுக்கு முன்னாடியே கெளம்பிடுவேன்," என்றார்.

"போங்க," என்றேன்.